தொழிலாளி ஏழு

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டிடம்தான் போல. ஆய்வுக்குறிப்பு எழுதத் துறையில் கொடுத்த நோட்டு. இதில் என் எரிச்சலை எழுதுகிறேன். வாயால் சொல்லத் தைரியம் இருந்தால் எழுத வேண்டியிருக்காது.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஆகவே சார்'. முன்னால் எதையும் சொல்லாமலே 'ஆகவே' என்று ஆரம்பிப்பார். உலகமயமாதல் தொழிலாளியின் தன்னுணர்வை எப்படிச் சிதைக்கிறது என்று கட்டுரை எழுதுகிறார். சிதைத்துவிட்டது என்ற முடிவு சென்ற வருடமே தயார். சிதைந்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் என் அம்மா காலர் வைக்கிறாள். அவளையும் அவளோடு வேலை செய்யும் பதினொரு பேரையும் நான்தான் கூட்டிவந்தேன். அவர் கேட்டார், அவர்கள் பேசினார்கள், ஒலிப்பதிவைக் கேட்டு நான் தட்டச்சு செய்கிறேன். ஒரு விதி: அவருடைய கேள்விகளைத் தட்டச்சு செய்யக் கூடாது. "தொழிலாளியோட குரல் மட்டும் தூய்மையா வரணும்மா."

கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் வருமாம். வந்தால்தான் அடுத்த வருடமும் இந்த ஆய்வு உதவியாளர் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான் ஒருத்தி. இதுவரை எங்கள் பெயர் அச்சில் வந்தது வாக்காளர் பட்டியலில் மட்டும். அதிலும் அப்பாவின் வயது தப்பு. ஆகவே — சே, எனக்கும் தொற்றிக்கொண்டது.

மார்ச் 6

இன்று வகுப்பில் சார்: "காலமும் தூரமும் சுருங்கிவிட்டன." அம்மாவின் பேருந்துப் பயணம் இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்தான். பேருந்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.

மார்ச் 11

கட்டுரையின் வரைவு வந்தது. தலைப்பே மேற்கோள்: "என் கையே எனக்குச் சொந்தமில்லை." அடியில்: தொழிலாளி 7, பெண், வயது 46.

ஏழு என் அம்மா.

கையைப் பற்றி அம்மா வாய் திறந்தால் "வலிக்குதுடி, தைலத்த எடு" என்றுதான் வரும். தட்டச்சுப் பிரதியில் தேடினேன். அந்த வரி இல்லை. தட்டச்சு செய்தவளே நான். எனக்குத் தெரியாமல் அம்மா எப்போது தத்துவம் பேசினாள்?

மார்ச் 12

ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். பத்தொன்பதாவது நிமிடம்.

சார்: "ஆகவே, நீங்க தைக்கற சட்டைய எங்கயோ முகம் தெரியாத ஒருத்தர் போடறாரு. உங்க கையே உங்களுக்குச் சொந்தமில்லைன்னு தோணுது, இல்லையா?"

அம்மா: "ஆமாங்க."

அவ்வளவுதான். கேள்வி அவருடையது, மேற்கோள் அம்மாவுடையதாகிவிட்டது. தூய்மை!

இதோடு நிறுத்தினால் நான் நல்லவள். 'ஆமாங்க'வுக்குப் பிறகு அம்மா இன்னொன்றும் சொல்கிறாள்: "சார், பாத்ரூம் சாவிய சூப்பர்வைசர் பாக்கெட்லயே வெச்சிருக்கான். ஒவ்வொரு தடவையும் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கு. நீங்க சொன்னா கேப்பாங்களா?" சார் "ம்ம்... அடுத்தது" என்கிறார்.

அதை நான் தட்டச்சு செய்யவில்லை. அது கேள்விதானே என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருடைய கேள்விகளுக்குத்தானே விதி? பேராசிரியரிடம் போய் பாத்ரூமைப் பற்றிப் பேசுகிறாளே என்று கூசியது, அதுதான் நிஜம். படித்த கூச்சம். தூ.

மார்ச் 13

அம்மாவிடம் கேட்டேன்.

"அவர் கேட்டதே எனக்குப் புரியலடி. அவ்ளோ பெரிய மனுஷன் தலைய ஆட்டிக்கிட்டே கேக்கறாரு. நான் மாத்தி ஆட்டினா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடாது?" பிறகு, "சாவி விஷயத்த எழுதினாரா?"

"பாக்கலாம்மா" என்றேன். அந்த சூப்பர்வைசரும் இப்படித்தான் சொல்வானாக இருக்கும்.

மார்ச் 17

போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல், மேசைக் கண்ணாடியைப் பார்த்து.

"சார், அந்த வரி அம்மா சொல்லல. நீங்க சொன்னது."

சிரித்தார். "ஆமான்னாங்கல்ல? ஆகவே, பின்நவீனத்துவத்துல ஒரு கூற்றுக்கு உடைமையாளர்னு யாரும்மா இருக்கா?"

யாரும் இல்லைதான். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒருவர் மட்டும் இருக்கிறார்.

"சாவி விஷயத்தையாவது..."

"அது சில்லறைம்மா. நாம பேசறது நவீனத்துவத்தோட நெருக்கடி."

அடக்கிக்கொண்டு மிஷின் மிதிப்பது எந்த நெருக்கடியில் சேர்த்தி என்று கேட்டிருக்கலாம். படியிறங்கும்போதுதான் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை பத்திரிகைக்கு அனுப்பறேன். அடுத்த வாரம்தான், அவசரமில்ல. உன் பேர் வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கோ." மிரட்டலைக்கூடப் பாசமாகத்தான் சொல்கிறார்.

மார்ச் 18

வேணும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வேணும்தான்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி: பேசியவர் எப்போது வேண்டுமானாலும் தம் பேச்சைத் திரும்பப் பெறலாம். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்டது. அம்மா சார்பில் ஒரு கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். 'உலகச் சந்தையின் விளிம்பில் நிற்கும் என் குரல் பறிக்கப்பட்டது' என்று தொடங்கி. பிரமாதமாக வந்திருக்கிறதென்று வாசித்தும் காட்டினேன்.

அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "யாருடி இது பேசறது?"

"நீதாம்மா."

"நான் எப்போடி விளிம்புல நின்னேன்? மூணாவது வரிசையில நடு மிஷின் என்னோடது."

மல்லாந்து படுத்துத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறேன், பத்து நாளாக.

"இதக் குடுத்தா உன் பேரு?"

"வராது."

"உன் பேர அச்சுல எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள். தாளை வாங்கி அவளே எழுதினாள்: "அது நான் சொல்லல. எடுத்துடுங்க." கையெழுத்து.

மார்ச் 24

கொடுத்தேன். படித்து முடித்து, ஒரு தடவைகூட 'ஆகவே' சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

கட்டுரை போய்விட்டது. வேறு தலைப்பு. தொழிலாளி 6-க்கு அடுத்து நேராக 8. என் பெயர் இல்லை. அடுத்த வருடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று துறை அலுவலக அக்கா ஃபைலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பேருந்தில் அழுதேன். பொய் சொல்வானேன்?

வீட்டில் அம்மாவின் வரிசைப் பெண்கள் நாலு பேர். நாளைக் காலை பன்னிரண்டு பேரும் சேர்ந்து மேனேஜரிடம் போகிறார்களாம்.

"என்ன சொல்லிக் கேப்பீங்க?" என்று, பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"என்னத்தச் சொல்றது? சாவியக் குடுன்னு சொல்றது" என்றாள் பட்டன் வைப்பவள். "படிச்ச புள்ளைக்கு எல்லாத்துக்கும் முன்னுரை வேணும் போல." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அவர்கள் போகும்வரை தொண்டையிலேயே வைத்திருந்தேன். அம்மா கதவைச் சாத்தியதும் கேட்டேன்: "அம்மா, நாளைக்கு நானும் வரட்டுமா? எதுவும் பேச மாட்டேன். பின்னால நிக்கறேன்."