குழாய் அடைத்த மதியம்

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோருடைய மூச்சும் சீராக இருக்கிறது, அங்கே நீயும் மருமகளும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். உன் தம்பி மகள் வாயாடிக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். இனி பதறாமல் படி.

அவளுக்குத் தொண்டைக்குள் மரு வளர்கிறது, வெட்ட வெட்ட முளைக்கிறது, மூச்சுக்காகக் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். போன செவ்வாய்க்கிழமை அவளைப் பெற்றவர்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அவள் தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று சத்தமே இல்லை. திரும்பினால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், உதடெல்லாம் நீலம். சளி உறிஞ்சும் மெஷினின் குழலை விட்டுப் பார்த்தேன், உள்ளே இறங்கவே இல்லை. குழாய் மாற்ற ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தார்கள், அந்த நேரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று.

இதே வியாதி உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அதில் ஒருத்தியான தையல்காரம்மாவைத்தான் போனில் கூப்பிட்டேன், அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். என் மூச்சை வைத்தே புரிந்துகொண்டாள். அழாதீங்கம்மா, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க, பழைய குழாயைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டுங்க, கை நடுங்கினா நடுங்கட்டும், ஆம்புலன்சுக்கு நான் ஆள் விட்டுச் சொல்லிடறேன் என்றாள். கழற்றினேன். புதுசு ஏறவில்லை. தலையை நல்லாப் பின்னால சாய்ச்சுப் பிடிங்க என்று அதட்டினாள். சாய்த்தேன், இறங்கிவிட்டது. பிள்ளை ஒரு இருமு இருமினாள், சளி என் முகமெல்லாம் தெறித்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லையடா எனக்கு.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பரிசோதித்துவிட்டுப் பயமில்லை என்றார்கள். பின்னாலேயே தையல்காரம்மா அளவு டேப்பைத் தோளில் போட்டபடி ஓடி வந்தாள். உங்க பொண்ணை யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க என்று கேட்டுவிட்டேன், எனக்குத் தெரியாதடா. அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா, இதே மாதிரிதான் அடைச்சுது, அன்னைக்குக் கூப்பிட எனக்கு யாருமில்ல என்றாள். சொல்லிவிட்டு குழாயைப் பிடித்திருக்கும் வாயாடியின் கழுத்துப் பட்டி இறுகியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பிள்ளை சும்மா இருந்தாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன், குளிக்கும்போதும் கதவைச் சாத்துவதில்லை. அடுத்த மாதம் மறுபடி ஆபரேஷன். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, உன் தம்பிக்கு அடிக்கடி போன் செய், அதுவே அவனுக்குத் தெம்பு. என் போன் நம்பரையும் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா கூப்பிட்டு அழுதுகொண்டே இருந்தாள், நான் இருக்கேம்மா, மெதுவாச் சொல்லு என்றேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ கூப்பிடும்போது லைன் கிடைக்காவிட்டால் இங்கே ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. யாரோ ஒரு அம்மா என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடு.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா