திருவலைப் பலகையிலிருந்து தரைக்கு

மச்சி,

மழை விட்டு ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வளவு மணல் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டது. என் வீட்டைச் சுற்றி, பின்மதிலில் இருக்கும் கடப்பு வழியாக உன் வளவுக்குள் நுழைந்து, உன் கிணற்றையும் சுற்றித் திரும்பி வருகிற அந்த ஒற்றையடிப் பாதையில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. நாம் இரண்டு பேரும் மிதித்து மிதித்து இறுக்கிய பாதை. வளவு கூட்ட விளக்குமாறோடு இறங்கியவள், அதைக் கண்டதும் கூட்டாமலே நின்றுவிட்டேன்.

உன்னை அடக்கிய மையவாடிக்கு நாங்கள் பெண்கள் போவதில்லை. உனக்குச் சொல்லவேண்டிய சலாத்தை அந்தப் பாதையோரத்தில் நின்றே சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பாதையை நாம் மிதிக்கத் தொடங்கியபோது எனக்குச் சீனி வருத்தம் வந்து நாலாவது வருடம். கிளினிக்கில் டொக்டர் நடக்கச் சொல்லும்போதெல்லாம், குசினிக்கும் வாசலுக்கும் நடப்பதையே பெரிய நடையாகச் சொல்லிவிட்டு வருவேன். உடம்பு ஊதியது, முழங்கால் மடங்க மறுத்தது. நாற்பத்தாறு வயதில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தொழத் தொடங்கினேன். ஏலாதவர்களுக்கு அதற்கு அனுமதி உண்டு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நெற்றி நிலத்தில் படாத ஒவ்வொரு சுஜூதும் உள்ளே அறுத்தது. அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்த உன்னிடம் சொன்னேன். நீ மீன் கையோடு என் முழங்காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய்.

“இது தேஞ்ச காலில்ல புள்ள. வேல இல்லாத கால்” என்றாய்.

நீ என் மாமி மகள், என்னைவிட இரண்டு மாதம் இளையவள், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். உனக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. உன்னிடம் கொழுப்பென்று தேடினால் வாயில்தான் கிடைக்கும். அடுத்த நாள் விடியச் சுபஹ் தொழுத கையோடு கடப்பால் வந்து நின்றாய். மகளின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து காலில், பழைய சல்வார் உடம்பில்.

“இறங்கு. ஓடப் போறம்.”

“எங்க?”

“ஒரு இடத்துக்கும் இல்ல. வளவுக்குள்ளதான்.”

வேறு எங்கே ஓடுவது? றோட்டில் ஓடினால் ஊருக்கு ஒரு கிழமைக்குக் கதை கிடைக்கும். கடற்கரையில் அந்த நேரம் கரைவலைக்காரர்கள் நிற்பார்கள். அதனால்தான் என் வீடும் உன் வீடும் நமக்கு மைதானமாயின.

ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட என்று போனில் எவளோ ஒருத்தி சொன்னதை நீ பாடமாக்கி வைத்திருந்தாய். ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு ஓட வரவில்லை. முதல் நாளே அது மணலில் விழுந்தது. அப்போதுதான் உனக்குத் தஸ்பீஹ் மணி ஞாபகம் வந்தது. முப்பத்து மூன்று சுப்ஹானல்லாஹ் முடியும்வரை ஓட்டம். பிறகு அல்ஹம்துலில்லாஹ்வும் அல்லாஹு அக்பரும் முடியும்வரை நடை. “ஊர்க்கதை கதைச்சி ஓடுறத விட இது நல்லம்தானே” என்று மணியை என் கையில் சுற்றிவிட்டாய்.

இரண்டே நாளில் நான் களவு படித்துவிட்டேன். மூச்சு முட்டும்போது சுப்ஹானல்லாஹ்வை அவசர அவசரமாகச் சொன்னால் ஓட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். பாதி எழுத்தை விழுங்கியே முப்பத்து மூன்றைத் தாண்டினேன். மூன்றாம் சுற்றில் நீ என் தோளைப் பிடித்து நிறுத்தினாய்.

“உன்ட நாக்குத்தான் ஓடுது, கால் ஓடல்ல. அல்லாஹ்ட பேர இப்பிடியா சொல்ற?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விளையாட்டு வெட்கம் இல்லை, உண்மையான வெட்கம். அன்றிலிருந்து மணி உன் கைக்குப் போனது. நீ பின்னால் ஓடி வந்து எண்ணினாய், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, ஆறுதலாக. எனக்கு இளைக்கும்போதுதான் அந்த ஆறுதல் இன்னும் கூடியதாக எனக்குச் சந்தேகம்.

முதல் கிழமை ஆசையில் தினமும் ஓடி, கெண்டைக்கால் இரண்டும் வீங்கி, வாசற்படி ஏற முடியாமல் கிடந்தேன். நீ மறுபடி போனைத் தோண்டி, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடவேண்டும் என்று கண்டுபிடித்தாய். “ஓடுற நாள்ல இல்லயாம், சும்மா கிடக்கிற நாள்லதான் கால் பலம் பிடிக்குமாம்” என்றாய். சும்மா கிடப்பதற்கு நான் உடனே சம்மதித்தேன். நீ அதற்கும் விடவில்லை. மதிலில் கையை ஊன்றி நெஞ்சை அதற்குக் கிட்டக் கொண்டுபோய்த் தள்ளி வரச் சொன்னாய், பத்துத் தடவை. பிறகு நான் தொழுகிற அதே கதிரையை முற்றத்துக்கு இழுத்து வந்தாய்.

“இரி. கைய ஊண்டாம எழும்பு.”

“ஏலா மச்சி.”

“ஏலா எண்டத கதிரைக்குச் சொல்லு. எனக்குச் சொல்லாத.”

கதிரையில் பத்துத் தடவை பழகியதும் அதை விடத் தணிந்த இடம் தேடினாய். குசினியில் தேங்காய் துருவக் கிடந்த திருவலைப் பலகை அகப்பட்டது. அலகை மதில் பக்கம் திருப்பி வைத்து, “இதுல இருந்து எழும்பிட்டா நிலம் கிட்டத்தான்” என்றாய். முதல் நாள் இருந்தேன், எழும்ப முடியவில்லை. நீ சிரித்துச் சிரித்து மணலில் குந்திவிட்டாய். “சிரிக்காத, இருந்ததுக்கு ஒரு தேங்காயாவது எடுத்துத் தா” என்று ஏசினேன். நீ உண்மையாகவே தேங்காய்ப் பாதியை எடுத்துத் தந்தாய். அலகை என் பக்கம் திருப்பி அங்கேயே துருவினேன். அன்று காலை இரண்டு வீட்டுக்கும் தேங்காய்ச் சம்பல்.

மாரி தொடங்கும்போது நான் மூன்று சுற்று நிற்காமல் ஓடினேன். பலகையிலிருந்து கை ஊன்றாமல் ஏழு தடவை எழும்பினேன். தரை மட்டும்தான் மிச்சம். “வாற நோன்புக்குள்ள நீ நிலத்துல நெத்தி வைக்கோணும். தறாவீஹ் தொழுகையில பக்கத்துல நிண்டு நான் பாப்பன்” என்று சொல்லி வைத்தாய்.

அந்த மழையோடு ஊரெல்லாம் டெங்கு. உனக்குக் காய்ச்சல் தொடங்கிய காலை உன் மகள் தஸ்பீஹ் மணியைக் கொண்டு வந்து, “உம்மா வரமாட்டாவாம், உங்கள ஓடட்டாம்” என்றாள். நீ எழும்பி வரும்வரை எனக்கும் லீவு என்று நினைத்துப் படுத்துவிட்டேன். ஆறாம் நாள் உன்னை ஆசுபத்திரியிலிருந்து வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டு வந்தார்கள். உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. உன் பாதம் என் கையில் இருந்தது. எனக்காக ஓடித் தடித்த குதிகாலைத் தேய்த்துக் கழுவினேன்.

மௌத்து வீட்டிலேயே யாரோ ஒருத்தி சொன்னாள், “ஓடி ஓடித்தான் உடம்பக் கெடுத்தவ” என்று. டெங்குக்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை. கதிரைக்கே திரும்பிவிட்டேன். ஒன்றரை மாதம் ஐந்து வேளையும் அதில்தான். கடப்புப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

ஒரு நாள் உன் மகள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். நான் கதிரையில் இருந்து தொழுது சலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்து நின்றாள்.

“ஏன் மாமி விட்டுட்டீங்க?”

“உம்மா இல்லாம எனக்கு என்ன ஓட்டம் மகள்? அவக்குத்தான் அதுல அவ்வளவு விருப்பம்.”

அவள் சிரித்தாள். உன் சிரிப்பேதான். “உம்மாக்கா? உம்மாக்கு ஓடுறது துப்பரவாப் புடிக்காது மாமி. விடிய விடிய ஏசி ஏசித்தான் சப்பாத்துப் போடுவா. நீங்க கதிரையில இருந்து தொழுறதச் சொன்ன அண்டைக்கு வாப்பாட்டச் சொல்லி அழுதவ. ‘அவ தனிய ஓட வெக்கப்படுவா, நானும் போகோணும்’ எண்டவ.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, மச்சி. நாற்பத்தாறு வருடம் உன்னைத் தெரிந்தவள் நான். ஓடுகிற விடியலெல்லாம் என் பின்னால் வந்து, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் என்னை ஏமாற்றியிருக்கிறாய். கள்ளி. அவள் கறிவேப்பிலையோடு போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் ஜனாஸா போன அன்றுகூட அப்படி அழவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு இறங்கினேன். மறுபடி முதலிலிருந்து, ஒரு பங்கு ஓட்டம், இரண்டு பங்கு நடை. நானே எண்ணினேன். ஒரு எழுத்தையும் விழுங்கவில்லை. ஓடாத நாளில் மதில், கதிரை, பலகை. பலகை பன்னிரண்டு தடவையானதும் வெறும் நிலத்தில் குந்தி எழும்பிப் பார்த்தேன். இரண்டு தடவை பின்பக்கம் விழுந்தேன். சிரிக்க ஆளில்லாததால் நானே சிரித்துக்கொண்டேன்.

நோன்பு பிறக்க நாலு நாள் இருக்கும்போது, ஒரு அஸர் தொழுகைக்குக் கதிரையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு முசல்லாப் பாயை விரித்தேன். நின்றேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். பிறகு முழங்கால் முறிகிற சத்தத்தோடு இறங்கினேன். நெற்றி நிலத்தில் பட்டது. அந்த நேரத்துக்கென்று எத்தனையோ துஆக்களை மனதில் சேர்த்து வைத்திருந்தேன். பிள்ளைகளின் படிப்பு, மூத்தவனின் தொழில், என் வருத்தம். ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. உன் பெயர் மட்டும்தான் வந்தது. நெடுநேரம் அப்படியே கிடந்து உனக்காகக் கேட்டேன். எழும்பும்போது கை ஊன்றவில்லை.

இப்போது ஐந்து வேளையும் நிலத்துக்கு இறங்குகிறேன், மச்சி. இறங்கியதும் முதலில் கேட்பது உனக்குத்தான். பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகு. என் சீனி வருத்தத்துக்குக் கேட்பது எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான், சில நாளில் அதை மறந்தே எழும்பிவிடுகிறேன்.