மாமனார் வாட்ச்

6 மே 2007, ஞாயிறு

கத்திரி வெயில். காலை எட்டுக்கே முதுகில் வியர்வை. தலைக்குக் குளித்தது வீண்.

பிரசன்னாவோடு மாமல்லபுரம். (இனிமேல் பி. முழுப் பெயர் எழுதும் அளவுக்கு இன்னும் பழகவில்லை.) நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் "என் ஃப்ரெண்ட்ஸ நீ பாக்கணும்" என்றான். அம்மா அனுப்ப யோசித்தாள். அப்பாதான், "படிச்ச பசங்க, பேசிப் பாத்துக்கட்டும்" என்று விட்டார்.

ஃப்ரெண்ட்ஸ் என்றால் வாட்ச் பைத்தியங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கடலோர ஹோட்டலில் கூடுகிறார்கள். ஒன்பது ஆண்கள். பெரும்பாலும் நாவலூர் கம்பெனிக்காரர்கள், பி. மாதிரி. வந்ததும் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் மணிக்கட்டு, அப்புறம் "ஹாய்". என் கையையும் பார்த்தார்கள். வளையல். அத்தோடு என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆபீசில் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிற வேலை. எதையும் குறித்து வைக்காவிட்டால் சோறு இறங்காது. பிராண்ட் பெயர் எழுதப் போவதில்லை, விளம்பரத்தை அவர்களே செய்கிறார்கள். வாட்ச் செய்த ஊர் போதும்.

சுவிஸ்: மூன்று, பி.யையும் சேர்த்து. ஒருத்தர் இன்னும் தவணை கட்டுகிறாராம், பி. காதில் சொன்னான்.
ஜப்பான்: இரண்டு. மற்றவர்களுக்கு ரசனை போதாது என்று வருத்தப்படுகிறவர்கள்.
பெங்களூர், சாவி கொடுக்கிறது: இரண்டு. வீட்டில் நல்லதை வைத்துவிட்டு, எளிமையைக் காட்டக் கட்டிக்கொண்டு வருவது.
ஓசூர்: ஒன்று. எல்லார் வீட்டிலும் இருப்பது. மன்னிப்புக் கேட்கிற முகம்.
பர்மா பஜார்: ஒன்று, போலி என்று சந்தேகம். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் மாதிரி ஒருவர், ராகவ். ஜப்பான். வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இனிமேல் அவர் பூ.க. அவர் தலையை ஆட்டினால் எல்லாரும் ஆட்டுகிறார்கள். ஆட்டாவிட்டால் வாட்சைக் கட்டியவன் தண்ணீர் குடிக்கிறான்.

நாலு பேர் டயலில் இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. எதிரில் கடல். ஒருத்தரும் கால் நனைக்கவில்லை. உப்புக் காற்றே ஆகாதாம், கண்ணாடிக் கதவை மூடச் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு சடங்கு. கல்யாணமாகி முதல் முறை வருகிறவர் மாமனார் போட்ட வாட்சைக் கொண்டு வர வேண்டும். அதை ஒரு தட்டில் வைத்து எல்லார் கைக்கும் அனுப்புகிறார்கள். பூ.க. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அசிங்கத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார். ஐம்பதைத் தாண்டினால் மாப்பிள்ளைக்கு அன்று சாப்பாடு இலவசம். இன்று வினோத் என்று ஒருவர். மாமனாருக்குக் கும்பகோணத்தில் மளிகைக் கடையாம். டயல் நடுவில் பிள்ளையார், சுற்றிலும் கல். எண்பது மார்க்.

"மாமனார் டேஸ்டே டேஸ்ட்டு மச்சான்," என்றார் ஓசூர்க்காரர். தன் கையை யாரும் பார்க்காத சந்தோஷம் அவருக்கு.

பி. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர். நானும் சிரித்தேன். பிள்ளையார் தொப்புளிலிருந்து முள் கிளம்பினால் யாருக்கும் சிரிப்பு வரும்.

கடைசியில் எல்லாரும் கையை வட்டமாக நீட்டி ஃபோட்டோ. முகம் கிடையாது, மணிக்கட்டு மட்டும். இணையத்தில் போடுவார்களாம். பார்க்கிறவர்களும் இதே ஒன்பது பேராகத்தான் இருக்கும்.

மீன் வறுவல் நன்றாக இருந்தது.

9 மே, புதன்

கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. வேலை செய்யவில்லை. தலைவலி. தைலம் வாங்க வேண்டும்.

தரகர் வந்து போயிருக்கிறார். அம்மாவுக்குப் பூரிப்பு. "அவங்க ஒண்ணுமே கேக்கலியாம். பையனுக்கு ஒரே ஒரு வாட்ச்சு. அதுவும் நம்ம இஷ்டமாம்."

நம்ம இஷ்டம். மத்தியானமே பி.யிடமிருந்து மெயில். "அங்கிள் கடை கடையா அலைய வேண்டாம். சும்மா ஒரு ஐடியாவுக்கு." மூன்று படம். சுவிஸ், சுவிஸ், ஜப்பான். மூன்றில் மலிவானதன் விலையில் அப்பாவின் தண்ணீர் லாரிக்குப் புது டயர் போடலாம்.

அங்கிளாம். மாமா என்று கூப்பிட அவனுக்கு நாக்கு சுளுக்குகிறது.

12 மே, சனி

அப்பாவிடம் நயமாகப் பேசிப் பார்த்தேன். நானே வாங்கி வந்து தருகிறேன், நீங்கள் கொடுங்கள். ஜப்பான் படத்தைக் காட்டினேன். வெள்ளை டயல், கறுப்புத் தோல் வார்.

"இன்னா பாப்பா இது, ஆஸ்பத்திரி கடியாரம் மாறி கீது. நீ வாங்கி நான் குடுத்தா அது இன்னா மொற?"

"அவருக்கு வாட்ச்சுல ரொம்ப ஆர்வம்ப்பா. பாத்து வாங்கணும்."

"அதான் பாத்து வாங்கறேன்றேன்."

என்னத்தைப் பார்ப்பார். அப்பா வாட்ச் கட்டியதே இல்லை. நாள் முழுக்க லாரியின் வால்வு திறக்கிற கை, நாவலூர் அபார்ட்மெண்ட் தொட்டிகளில் நனைகிற கை. வாட்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே தண்ணீர் போனால் போச்சு.

தைலம் மறந்துவிட்டது.

16 மே, புதன்

நேற்று வாங்கியாயிற்று. செங்கல்பட்டு பஜாரில், லாரியை ஓரமாக விட்டுவிட்டுத் தனியாகப் போய்.

பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். தங்க நிறம். டயல் கரும்பச்சை, குழிப்பணியாரம் அகலம். பன்னிரண்டு எண்ணுக்கும் பன்னிரண்டு கல். கிழமை இந்தியில். கீழே இரண்டு சின்ன முள், எதற்கென்று கடைக்காரருக்கே தெரியவில்லையாம். பிராண்ட் பெயர் வளைவு வளைவாக, படிக்க வரவில்லை. எந்த ஊர் என்றும் தெரியவில்லை. நான் மாமல்லபுரத்தில் எண்ணி எழுதிய எந்த வரியிலும் இதைச் சேர்க்க முடியாது.

"பளபளன்னு கீதா?"

"கீதுப்பா."

இதோடு முடியவில்லை. தண்ணீர் போகாது என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா நம்புவாரா. பக்கெட்டில் போட்டு வைத்து, பக்கத்திலேயே குந்திக்கொண்டு பீடி பிடித்தார். காலையில் எடுத்தால் கண்ணாடிக்குள் முழுக்க ஆவி.

அம்மா: "புது வாட்ச்ச ஆராச்சும் ஊற வெப்பாங்களா? அது இன்னா உளுந்தா?"

"மாத்திட்டு வரலாம்ப்பா," என்றேன். வழி கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

"ஊற வெச்சத எந்த மூஞ்ச வெச்சிகினு மாத்தறது?"

அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். சாயங்காலம் தெளிந்துவிட்டது, டயலில் நாலு மணிக் கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஆவி மீதி. ஓடுகிறது.

பூ.க. இதற்குத் தொண்ணூற்றைந்து போடுவார். நான் தொண்ணூறு. அப்பா என்பதால் ஐந்து குறைத்தேன்.

20 மே, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. திருப்போரூர் மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. புடவை கனம். வடையில் உப்பில்லை.

அப்பா பெட்டியைத் திறந்து, தானே பி. கையில் கட்டிவிட்டார். கொக்கி மாட்டத் தெரியவில்லை. நான் பி. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுளிப்பு வந்தால் போதும், பிடித்துவிடலாம் என்று. வரவில்லை. "சூப்பர் அங்கிள், தேங்க்ஸ்," என்றான். நல்லவிதமாகத்தான் சொன்னான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான்தான் கெட்ட புத்திக்காரியோ என்னவோ.

அவன் அம்மா: "ரொம்பப் பளிச்சுனு இருக்கு."

பந்தியில் இலை இலையாகப் போய் அப்பா சொன்னது: "மாப்ளைக்கு வாட்ச்சு புடிச்சுப்போச்சு." சாம்பார் ஊற்றுகிறவரிடமும் சொன்னார்.

29 மே, செவ்வாய்

வெக்கை. கரண்ட் இல்லை. ஆபீசில் புது வேலை, எல்லாம் ஓட்டை.

பி. தினமும் போன். எடுத்ததும் வாட்ச், வைக்கும்வரை வாட்ச். பூ.க. ஜப்பானிலேயே இன்னொன்று வாங்கிவிட்டாராம், தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்கிற குரலில் சொன்னான். அப்பா கொடுத்ததைக் கட்டுகிறீர்களா என்று கேட்டேன். "டெய்லி," என்றான்.

அப்பாவுக்கும் அதே கேள்விதான், தினமும், சாப்பிடும்போது. "ஓடுதாமா? ஆவி போய்ட்ச்சாமா?"

3 ஜூன், ஞாயிறு

காலையில் இரண்டு தூறல். மண் வாசனைகூட வரவில்லை.

பி. காரில் வந்தான், கையில் அப்பாவின் வாட்ச். லாரியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"மணி இன்னா மாப்ளை?"

பி. பார்த்துச் சொன்னான். அப்பாவின் முகத்தை எழுத எனக்கு வரவில்லை. தண்ணீர் வீணாகிறது என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

நெம்மேலி ரோடு வழியாக மறுபடி மாமல்லபுரம். உப்பங்கழிப் பாலம் தாண்டியதும் காரை ஓரம் கட்டினான். அப்பாவின் வாட்சைக் கழற்றி டாஷ்போர்டுக்குள் போட்டான். அதற்குள்ளிருந்து ஒரு வெல்வெட் பை. பைக்குள் ஜப்பான், புதுசு. கட்டிக்கொண்டான்.

"கோவிச்சுக்காத," என்றான். "அது இப்ப வெளிய வரக் கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் டேபிளுக்கு. தொண்ணூறுக்குக் கீழ போகாது பாரு. உள்ள ஆவி வேற."

"அது எங்கப்பா வாங்கினது."

"உங்கப்பாவ யார் என்ன சொன்னா? வாட்ச்சத்தான சொல்றேன். அன்னைக்கு நீயும்தான சிரிச்ச?"

சிரித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அருவருப்பு, பாதி அவன்மேல், பாதி என்மேல். நான் போட்டதும் தொண்ணூறு, அவன் போட்டதும் தொண்ணூறு. அசிங்கமான வாட்ச்தான். ஆனால் அதை நான் சொல்லலாம், அம்மா சொல்லலாம். பக்கெட் பக்கத்தில் குந்தியிருந்தவரை நாங்கள் பார்த்தோம். அவனுக்கு அந்த வாட்ச் ஒரு ஓசிச் சாப்பாடு.

ஹோட்டல் வாசலில் அவன் இறங்கிக் கதவைச் சாத்தியதும் டாஷ்போர்டைத் திறந்து எடுத்துக்கொண்டேன்.

இன்றைய மணிக்கட்டுகள். ஜப்பான் ஏழு. சுவிஸ் ஒன்று, தவணைக்காரர், முடிகிறவரை கழற்ற மனசு வராது. போன மாதம் பூ.க. கட்டியிருந்தது ஜப்பான், அதனால் இந்த மாதம் ஊரே ஜப்பான். முழுக்கைச் சட்டைக்காரரும் ஜப்பான் என்றுதான் சொன்னார். பூ.க. மட்டும் இன்று பெங்களூர். ஜூலையில் மீதி எட்டுப் பேரும் உட்கார்ந்து சாவி கொடுப்பார்கள். இவர்கள்தான் அப்பாவுக்கு மார்க் போடப் போகிறவர்கள்.

ஃபோட்டோ நேரம். கைகள் வட்டமாக வந்தன. கேமரா பி.யிடம். நான் அப்பாவின் வாட்சைக் கட்டிக்கொண்டு எழுந்து, என் கையையும் நடுவில் வைத்தேன். வாட்ச் முழங்கைக்கு ஓடியது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அடேங்கப்பா. யாரோட பீஸ் இது?" என்றார் பூ.க. சுற்றிலும் சிரிப்பு கிளம்பியது.

"எங்கப்பா பிரசன்னாவுக்குப் போட்டது சார். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க தட்டுல வைக்கப் போறாராம். எதுக்குக் காத்திருக்கணும்? நானே கொண்டுவந்துட்டேன். மார்க் போடுங்க."

சிரிப்பு நின்றது. பூ.க. சட்டைப் பை மேல் கை வைத்தார், கண்ணாடியை எடுக்கவில்லை. வினோத் தன் கையை வட்டத்திலிருந்து எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"சீன் போடாத," என்றான் பி., கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"நூத்துக்கு எவ்ளோ சார்?"

ஒருத்தர் மெனுவை எடுத்துப் பிரித்தார்.

சாப்பிடவில்லை. வறுவல் வாசனை வாசல் வரை வந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, திருப்போரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு.

4 ஜூன், திங்கள்

லீவு. வெயில் குறையவில்லை.

காலையில் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். நிச்சய மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஊரைக் கூட்டி நிச்சயம் பண்ணியது, சொந்தக்காரர்கள், மண்டபம், எல்லாம் சொல்லி அழுதாள். தட்டு, மார்க், ஓசிச் சாப்பாடு, வினோத்தின் மாமனார், எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அந்தக் கும்பகோணத்துக்காரரு பொண்ணு இன்னா பண்ணுச்சி?"

தெரியாது. அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

பி. பலமுறை போன். எடுக்கவில்லை. ஒரு மெசேஜ்: "ஒரு வாட்ச்சுக்காகவா இவ்ளோ?" கேட்கிறவன் அவன்.

அப்பா வாசலிலிருந்து எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் வந்து, சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மாப்ளைக்கு வாட்ச்சு புடிக்கலியா?"

"எனக்கு மாப்பிள்ளையப் புடிக்கலப்பா."

குழாயை மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வாட்ச் இருந்த என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், ஈரக் கையோடு.

"ஆவி போய்ட்ச்சா?"

"நாலு மணி கிட்ட கொஞ்சம் கீது."

"ஒனக்கு லூசா கீதே."

வாட்ச் செயினில் கண்ணி நாலு எடுக்க வேண்டும். சனிக்கிழமை செங்கல்பட்டு, அப்பாவோடு. தைலம்.