தூக்கிப் பார்க்காத வெள்ளைத் துணி

நேற்று மஸ்கெலியா கடைவீதிக்குப் பின்னால் ஒரு கத்னா வீட்டுக்கு, சுன்னத்து விருந்துக்குப் போயிருந்தேன். என்னோடு ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்த பெண்ணின் மகனுக்கு. வாசலிலேயே டெட்டோல் வாசமும் வட்டிலப்பம் வாசமும் கலந்து வந்தன. உள்ளே, கூரையிலிருந்து கயிற்றில் கட்டிய வெள்ளைத் துணி கட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புண்ணில் உரசாமல் பிள்ளையைச் சுற்றிக் கூடாரம் மாதிரி விரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மண்ணுக்குள் போனவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் வீட்டில் தொங்கிய துணியை உன் வீட்டுக்காரர் தன் கடையிலேயே கிழித்துக் கொண்டுவந்தார். மூத்த மகனுக்கு மட்டமானது ஆகாது என்று நல்ல மல்துணியாகப் பார்த்து எடுத்தாராம். அன்றைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி, விருந்துக்கு வர முடியவில்லை. நடந்ததெல்லாம் நீ வருஷக்கணக்கில் துண்டு துண்டாகச் சொல்லித்தான் தெரியும். கத்னா செய்ய வந்த ஒஸ்தா கைதேர்ந்தவர். அந்தக் கடைவீதியில் பாதி ஆண்களுக்கு அவர்தான் செய்தவர். கத்தியும் சுத்தம். பிள்ளையின் காலை அவன் வாப்பா பிடித்துக்கொண்டார். அழுகை கேட்காதபடி ஆண்கள் சத்தமாக நபிமேல் ஸலவாத்துச் சொன்னார்கள். எல்லாம் முறைப்படி முடிந்து, துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் போய்த் தலைமாட்டில் டொபியும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டு வந்தார்கள். துணியை யாரும் தூக்கவில்லை. ஆறு வயதுப் பையனுக்கும் வெட்கம் உண்டு, அதை மதிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு மரியாதை. புள்ள தூங்குறான் என்று ஒருவர் சொல்ல, அடுத்தவரும் அதையே சொன்னார். நீ அடுக்களையில் வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு பால் கொடுக்கப் போனாய். துணியைத் தூக்கினாய். மெத்தை ஊறிப்போய்க் கிடந்தது.

உன் வீட்டுக்காரர் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்து என் கையில்தான் கொடுத்தார். அப்போதே சில்லிட்டிருந்தான். நான் செய்ய வேண்டியதைச் செய்தேன், டாக்டரும் செய்தார். இரத்தம் நிற்கவில்லை, பிள்ளை போய்விட்டான். காயம் பட்டால் இரத்தம் உறையாத நோய் பிறவியிலேயே அவனுக்கு இருந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பால்பல் விழுந்தபோது நாள் முழுக்க இரத்தம் கசிந்ததாம். சூட்டு உடம்பு என்று வீட்டில் நன்னாரி அவித்துக் கொடுத்தார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரம் உனக்குத் தெரியும். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து ஒருநாள் உன் அடுக்களையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். இதைச் சட்டம் போட்டே நிறுத்த வேண்டும், அறியாப் பிள்ளையின் உடம்பில் கத்தி வைக்க யாருக்கு உரிமை, வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்யட்டுமே என்றேன். நீ தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. தேயிலைத் தோட்டத்துக் கடையிலே பிறந்து வளர்ந்தவள் நீ. உன் பேச்சும் எங்கள் லயத்துப் பேச்சுதான்.

"ஒங்க மகளுக்குக் காது குத்துனப்ப அவகிட்டக் கேட்டீங்களாக்கா?"

காது வேறு, இது வேறு என்றேன். வேறுதான் என்று நீயும் ஒத்துக்கொண்டாய். ஆனால் சட்டம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள், இரத்தம் நிற்காவிட்டாலும் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரமாட்டார்கள் என்றாய். உன் பேச்சில் பாதிதான் எனக்கு இன்றுவரை சம்மதம். ஆனால் என் பேத்தியை மாமன் மடியில் வைத்துக் காது குத்தியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை, கோயிலுக்கு வெளியே போய்விட்டேன். அது உன்னால் வந்த வினை.

பிறகு ஊர் கெட்டுக் கிடந்த ஒரு காலம். முஸ்லிம் கடையில் வாங்காதே என்று சிலர் சொல்லித் திரிந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒருநாள் உன் கடைக்கு வந்தார்கள். கத்னாவைத் தடைசெய்யக் கையெழுத்துச் சேர்க்கிறோம், உங்கள் பிள்ளையின் கதையை மேடையில் சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்டார்கள். அதுவரை அந்தப் படியை மிதிக்காதவர்கள்.

"எம்புள்ள மௌத்தானது ஒங்களுக்கு வசதியாப் போச்சு. போயிட்டு வாங்க" என்றாய்.

அதைக் கேள்விப்பட்டுப் பள்ளிவாசல் பெரியவர்கள் உன்னைப் பாராட்ட வந்தார்கள். நம் மானத்தைக் காப்பாற்றினாய், நடந்தது அல்லாஹ்வின் நாட்டம், இனி இதைப் பேசவே வேண்டாம் என்றார்கள். பேசுவேன் என்று அவர்களுக்கும் சொன்னாய். "ரத்தத்தச் சோதிக்கிற மூளையக் குடுத்ததும் அல்லாதானே?" என்று கேட்டாயாம். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். இரண்டு பக்கமும் உன்னைக் கைவிட்டது அந்த ஒரே வாரத்தில்தான்.

மூத்தவன் போனபோது உன் இளையவன் தவழ்ந்துகொண்டிருந்தான். கண்டிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தோம், அவனுக்கும் அதே நோய். உயிருக்கு ஆபத்தென்றால் கடமை இல்லை என்று மௌலவி ஒருவரே சொன்ன பிறகும் சொந்தக்காரர்கள் விடவில்லை. சுன்னத்து இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உன் வீட்டுக்காரர்தான் அதை முடித்துவைத்தார். "ஒருத்தன் காலை நாந்தான் புடிச்சுக் குடுத்தேன். அது போதும்." அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் அதிகம் பேசவில்லை, எதைப் பற்றியும்.

நீதான் ஓயவில்லை. முழுகாமல் இருக்கும் பெண்களைத் தேடிப் போய், ஆண் பிள்ளை பிறந்தால் முதலில் இரத்தம் சோதியுங்கள் என்று சொல்லிக்கொண்டு, அந்த மழையில் குடையோடு அலைந்தாய். பிள்ளையைத் தின்றவள் வருகிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். என் காது படவே சொன்னார்கள். நீ அடுத்த வீட்டுக்குப் போனாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது, இப்படி அவமானப்பட்டுத்தான் ஆக வேண்டுமா என்று.

போன மழைக்காலத்தில் நீ போனபோது இளையவன்தான் உன் சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தூக்கினான். நல்ல உயரம். கல்யாணப் பேச்சு இன்னும் ஒன்றும் அமையவில்லை, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். உயிரோடு இருக்கிறான்.

நேற்றைய வீட்டில், இரத்தம் சோதித்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் முழித்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் அவள். "டாக்டர்தானே செஞ்சாரு மிஸ்ஸி" என்றாள். நான் கட்டில் பக்கம் போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"தூங்குறான், எழுப்பாதீங்க."

அந்தச் சொல்லைக் கேட்டபிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. துணியைத் தூக்கினேன். சுற்றியிருந்த பெண்கள் முகம் சுளித்தார்கள். பையன் தூங்கவில்லை. படக்கென்று இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு என்னை முறைத்தான், அப்படியொரு கோபம். விரலிடுக்கில் தெரிந்த கட்டு காய்ந்துதான் இருந்தது.

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார்கள். மறுபடியும் ஒருதடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.