தெற்குச் சுவரில் ஒரு கதவு

பெப்ரவரி 6, 2024

காலையில் கஹவத்தை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதோடு இன்றைய அதிர்ஷ்டம் முடிந்தது.

கல்யாண ஹோலைப் பார்க்கத் தீயணைப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான சிங்கள ஐயா, சத்தம் போட்டுப் பேசமாட்டார். கூரையிலிருந்து தொங்குகிற வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை வாசல் என்றார். "ஒண்ணுதான் சேர், கிழக்கு வாசல்." "அந்த வாசல்லயே நெருப்புப் பிடிச்சா?" நான் ஜனார்த்தனன் மொதலாளியைப் பார்த்தேன். மொதலாளி கூரையைப் பார்த்தார்.

ஆட்கள் வந்த வழியாகவே ஓடப் பார்ப்பார்களாம். அது அடைபட்டால் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சாவார்களாம். இன்னொரு கதவு வேண்டும், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், மேலே பச்சை விளக்குப் பலகை வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. வடக்கே சமைக்கிற குசினி, மேற்கே மண்மேடு. மிச்சம் தெற்குதான்.

அவர் போனதும் மொதலாளி கத்திய கத்து! "தெக்குல வாசல் உள்ள ஹோலை எந்த மடையன் கல்யாணத்துக்கு எடுப்பான்? எமனுக்கு ஸ்பெஷல் வாசலா?" என்னைப் பார்த்துத்தான் கத்தினார், நான் என்னவோ அந்தக் கதவைப் பெத்தவ மாதிரி. புக்கிங் பார்க்கிறவள் என்றால் எல்லாத்துக்கும் பாட்டு வாங்க வேண்டும்.

மார்ச் 19

கதவு வைத்தாயிற்று. சான்றிதழும் வந்தது, ஒரு வருசத்துக்கு. மொதலாளி அதற்குக் கண்ணாடி போட்டு ஒஃபிசில் மாட்டிவிட்டு, மறுநாளே கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் பூச்சுவர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். அலங்காரம் செய்கிற றிஸ்மி நானா தூக்கி வந்து வைத்தார்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"பூ நல்லா இருக்கு நானா. பின்னால நிக்கிற கதவுதான் பாவம்."

ஏப்ரல் 28

மதுஷாவுக்குப் பரிசம் போட்டுவிட்டார்கள். என் தங்கச்சி! நம்பவே முடியவில்லை. மாப்பிள்ளை நிரஞ்சன், பெல்மதுளையில் சொந்த ஹார்ட்வெயார் கடை. நல்ல பையன் மாதிரித்தான் தெரிகிறான், தன் அம்மா வாயைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான்.

அந்த அம்மா, ஜீவராணி. எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குள் காலை வைக்கும்போதே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "பொண்ணைப் பாத்தா லயத்துல பொறந்தவன்னு சொல்லவே முடியாதுங்க" என்றார். பாராட்டாம். அம்மா வேறு அதற்குப் பல்லைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மூத்தவ இப்படியே இருக்காளே, ஜாதகத்துல ஏதும் கோளாறா?"

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கப்பில் ஊத்துனதுக்குப் பதிலா தலையில ஊத்தியிருக்கணும்.

ஆனால் மதுஷா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதுக்காக எதையும் முழுங்கலாம்.

ஏப்ரல் 30

மதுஷா கல்யாணத்துக்கு மொதலாளி ஹோலைப் பாதி விலைக்குத் தருகிறாராம். நான் கேட்கவே இல்லை. மனுசனுக்கும் எப்போதாவது நல்ல புத்தி வருகிறது.

ஜூலை 14

ஜீவராணி ஹோலைப் பார்க்க வந்தார், மதுஷாவும் என்னோடு இருந்தாள். மணவறை சரி, நாற்காலி சரி. பிறகு பூச்சுவருக்கு மேலே அந்தப் பச்சை விளக்கு கண்ணில் பட்டது.

"அது என்ன லைட்டு?"

"அவசரத்துக்கு ஒரு வாசல் மாமி."

"எந்தப் பக்கம்?" தெரிந்துகொண்டே கேட்டார். "தெக்கா? எம்மகன் எமன் வாசலுக்குப் பக்கத்துல நின்னு தாலி கட்டணுமா? நல்லா இருக்கே ஒங்க ஞாயம். பூட்டுப் போடு. லைட்டக் கழட்டு. இல்லேன்னா வேற ஹோலைப் பாக்குறோம்... வேற பொண்ணையும் பாக்குறோம்."

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மதுஷா என் கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் சிவந்திருக்கிறது. நான் "சரிங்க மாமி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மதுஷா அழுதாள். "வாய வச்சிக்கிட்டு சும்மா இரு அக்கா. இது நின்னுச்சுன்னா நான் சாகுற வரைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூக்குத் தொடைக்கணும்." முன்பள்ளி வேலையை இப்படிச் சொல்கிறவள் இல்லை அவள். பயம் பேச வைக்கிறது.

ஆகஸ்ட் 25

மாப்பிள்ளை உள்ளே வரும்போது வாசலின் இரண்டு பக்கமும் கோல்ட் ஃபயர் வேண்டுமாம். தரையில் பெட்டி வைத்து, ஆள் உயரத்துக்குப் பொறி பறக்கும், சினிமா மாதிரி. கூரைக்கு இன்னொரு மடிப்புத் துணி. அந்த அதிகாரி தொட்டுப் பார்த்த அதே துணி.

பச்சை விளக்கைக் கழற்றியாயிற்று, அது பரவாயில்லை. கதவு?

றிஸ்மி நானாவைத் தனியாகப் பிடித்தேன். "நானா, பூச்சுவருக்கு ஆணி அடிக்காதீங்க. அடியில உருள்ற சில்லு போடுங்க. தள்ளுனா விலகணும்."

"மாப்பிள்ளைட உம்மா பூட்டச் சொன்னாங்களே?"

"பூட்டிட்டேன்னு சொல்லிட்டேன்."

"பூட்டினீங்களா?"

"இல்ல."

நானா சில்லு எடுக்கப் போனார்.

செப்டம்பர் 7

நாளைக்குக் கல்யாணம். மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மதுஷா என் மடியில் படுத்திருந்தாள். "பூட்டிட்டதானே அக்கா?" "பூட்டிட்டேன்டி, தூங்கு."

செப்டம்பர் 9

நேற்று எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண்டை வெடிச்சிரும்.

நாதஸ்வரம் ஊதுகிறார்கள். நிரஞ்சன் கிழக்கு வாசலில் கால் வைக்கிறான். பொறி கிளம்பியது. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்குக் கூரைதான் தெரிந்தது. துணியில் ஒரு பழுப்பு வட்டம். அது ஓட்டையானது. பிறகு ஓடியது நெருப்பு — அப்பா, எப்படி ஓடியது! துணி உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது, தலையில, சேலையில. வாசல் திரைச்சீலை எரிந்துகொண்டே கீழே இறங்கிருச்சு. நிரஞ்சன் பின்னால் பாய்ந்து வெளியே ஓடினான். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான், அதை என் கண்ணால பாத்தேன்.

ஜனம் எல்லாம் அதே வாசலுக்குத்தான் போனது. அந்த ஐயா சொன்னபடியே. நெருப்பைப் பார்த்துக்கொண்டே நெருப்புக்குள்ள போறாங்க!

பூச்சுவரை உதைத்தேன். உருண்டு போனது. கதவைத் தள்ளினேன், வெளிச்சம் வந்தது. "இந்தப் பக்கம் வாங்க! இந்தப் பக்கம்!" தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருத்தர் கதவு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். "அது தெக்கும்மா" என்கிறார். தலைக்கு மேல எரியுது, அந்த ஆளு தெச பாக்குறாரு! பிடித்து வெளியே தள்ளினேன்.

ஜீவராணி மணவறைக்குக் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்கிறார். கூப்பிட்டால் அசையவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்தேன். இழுத்துக்கொண்டே கதவால் வெளியே வந்தேன். அவர் வந்ததைப் பார்த்த பிறகுதான் மற்ற எல்லோரும் வந்தார்கள், அணை உடைஞ்ச மாதிரி. அம்மா வந்தாள். உடுத்தும் அறையிலிருந்து மதுஷா வந்தாள், கூறைச் சேலையோடு, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு.

கடைசியாக றிஸ்மி நானா. வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. வேறு யாருக்கும் பெரிசா ஒன்றும் இல்லை. ஒரு உயிர் போகவில்லை. ஒண்ணு கூட.

வெளியே புல்லில் உட்கார்ந்து நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை.

செப்டம்பர் 10

அதிகாரி வந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். "ஏ தொர நெத்தங் இவரய், மிஸ்." அதாவது, அந்தக் கதவு இல்லையென்றால் முடிந்தது கதை. என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். இனி உள்ளே பொறி விடவே கூடாது, கூரைக்கு நெருப்புப் பிடிக்காத துணிதான் போட வேண்டும் என்று மொதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

பாராட்டு என்றால் இப்படியா இருக்கும்? நல்லாத்தான் இருந்தது.

செப்டம்பர் 12

நல்லா இருந்ததாம். வாங்கிக் கட்டிக்கொண்டேன் இன்றைக்கு.

அடுத்த முகூர்த்தம் எப்போது என்று கேட்க நானும் அம்மாவும் பெல்மதுளைக்குப் போனோம். கடை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜீவராணி தலையில் துணி கட்டியிருந்தார், கொண்டைப் பக்கம் முடி கருகியிருந்தது.

"பூட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மாமி."

"பூட்டாமத்தானே வச்சிருந்த? தெறந்து வச்ச, எமன் வந்தான். வீட்டக் கொளுத்திட்டு வாசலக் காட்டுறியா?"

"அந்த வாசலாலதானே மாமி நீங்களும் வெளிய வந்தீங்க..."

"நான் வயசானவ. எனக்கென்ன. கழுத்துல தாலி ஏறாம, கூறைச் சேலையோட தெக்கு வாசல் தாண்டுனவள எம்மகனுக்குக் கட்டி வைக்கச் சொல்றியா?"

நிரஞ்சன் கல்லாவில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை. அம்மா அந்த நடைபாதையில், போற வாற சனத்துக்கு முன்னால், அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 13

மதுஷாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு முன்னமே வொய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. "அம்மாவ மீற ஏலாது மது, மன்னிச்சிக்க." அவ்வளவுதான் அந்த வீரன்.

அவள் அழவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"பூட்டிட்டேன்னு சொன்ன."

"மது, பூட்டியிருந்தா நீ இன்னைக்கு உயிரோட—"

"ஒனக்குத்தான் ஆகல்ல. எனக்கும் ஆகக் கூடாதுன்னு நெனச்ச. அதான் தெறந்து வச்ச."

அம்மா அவளை அதட்டுவாள் என்று பார்த்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 29

கோயிலில் எனக்குத் திருநீறு கொடுத்துவிட்டு ஐயர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தட்டைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அந்தக் கதவால் வந்தவர்கள். இப்போது எல்லோரும் தாங்கள் கிழக்கு வாசலால் தப்பியதாகத்தான் சொல்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது. வயிறும் எரிகிறது.

றிஸ்மி நானாவைப் போய்ப் பார்த்தேன். விரல் இரண்டு மடங்கவில்லை. "நீங்க செஞ்சது சரி தங்கச்சி" என்றார். அவர் ஒருத்தர்தான்.

அக்டோபர் 17

ஹோலுக்குப் புதுப் பெயிண்ட், புதுப் பேர். கூரைக்குப் பழையபடி அதே துணி. விலை குறைவாம். தெற்குக் கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துக் கட்டிப் பூசியாயிற்று. எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அந்த ஐயா வந்து கேட்டா?" என்றேன். "மார்ச் வரைக்கும் செர்டிபிகேட் இருக்கு. அதுக்குள்ள தை மாச சீசன் முடிஞ்சிரும். நீ ஒன் வேலையப் பாரு" என்றார் மொதலாளி. என்னை வேலையில் வைத்திருப்பதே பெரிய உபகாரமாம். இன்னொன்றும் சொன்னார்: பெல்மதுளைக்காரர்கள் பொலீசுக்குப் போகாமல் இருக்க, அவர்களுக்கு ஒரு நாள் ஹோல் சும்மா தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

எங்களுக்கு ஒன்றும் இல்லை. கேட்கவும் இல்லை.

அக்டோபர் 30

நாளைக்குத் தீபாவளி. மதுஷா என் கையால் எண்ணெய் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். முன்பள்ளியிலும் அவளை நிறுத்திவிட்டார்கள், பிள்ளைகளின் அம்மாமார் விரும்பவில்லையாம்.

நவம்பர் 21

அந்த இலவச நாளுக்கு இன்றைக்கு ஆள் வந்தது.

ஜீவராணி. ஒஃபிசில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். முடி வளர்ந்துவிட்டது, பூ வைத்திருந்தார். நிரஞ்சனுக்கு அவிசாவளையில் பெண் பார்த்தாயிற்றாம். தை மாதம் கல்யாணம். என்னைத் தெரியாத ஆளிடம் பேசுகிற மாதிரித்தான் பேசினார், நானும் அப்படியே பேசினேன். மணவறை என்ன நிறம், எத்தனை பேர், எல்லாம் எழுதினேன்.

"அந்தத் தெக்கு வாசல்?"

"மூடியாச்சுங்க. கட்டிப் பூசியாச்சு."

எழுந்து போய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் நிம்மதி.

"மாப்பிள்ளை வரும்போது கோல்ட் ஃபயர் வேணும். போன தடவை மாதிரியே."

நான் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். அந்த ஐயா உள்ளே பொறி விடக் கூடாது என்று சொன்னது வாய் வரைக்கும் வந்தது.

"அன்னைக்கு நெருப்பு வந்தது அதாலயா என்ன?" என்றார். "வாசலாலதானே."

என் தங்கச்சி இந்நேரம் லயத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

"ஆமாங்க மாமி" என்றேன். "வாசலாலதான்."

எழுதிக்கொண்டேன். அதிகாரியின் நம்பர் போனில் இருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அவருக்குப் போன் பண்ணவில்லை.

வீட்டுக்கு வருமுன் மொதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன், அந்தக் கல்யாண நாளைக்கு எனக்கு லீவு வேணும் என்று.