இடப்பக்கமாக ஒரு சுற்று

இன்று காலை கொல்லைக் கதவு படாரென்று தானே சாத்திக்கொண்டது. ஆடிக் காற்று வந்துவிட்டது. திறக்கப் போனவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கரிசல் புழுதியும் கருவேலம்பூவும் கலந்த அந்த வாசம். போன ஆடியில் இதே வாசத்துக்குள்தான் நீயும் நானும் சைக்கிளில் போனோம். அதுதான் கடைசி. உன்னை நானே கொண்டுபோய் விட்டேனோ என்று அதற்குப் பிறகு நெடுநாள் எனக்குள் ஒரு கேள்வி கிடந்து அரித்தது. அதைப் பற்றி உன்னிடம்தான் பேச வேண்டும். வேறு யாரிடம் பேசுவது?

உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். நீ இருந்தவரை உனக்கு நான் எழுதியதெல்லாம் என் உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் "சாவி டீக்கடையில்" என்கிற அளவுக்குத்தான்.

என் மகன் அந்தத் தடித்த டயர் கியர் சைக்கிளை அனுப்பிய நாள் நினைவிருக்கிறதா? "அப்பா, நீங்க வாரதுக்கு முன்னால ஒங்க தொப்ப வந்து கதவத் தட்டுது" என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினான். கடை வாசலில் நிறுத்தியிருந்ததை நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய்.

"ஏலே, இது சைக்கிளா, இல்ல டிராக்டர் பெத்த புள்ளையா?"

அந்த மாதமே மதுரையில் யாரோ ஓட்டிச் சலித்த ஒன்றை நீயும் வாங்கி, உன் மைக்செட் வண்டியில் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே படுக்கப்போட்டுக் கொண்டுவந்து இறக்கினாய். "ஒனக்கு மட்டுந்தான் தொப்பையா?" என்றாய். பேரன் எடுக்கும் வயதில் இரண்டு கிழட்டுப் பயல்கள் தலையில் தொப்பியும் இடுப்பில் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிளம்பினால் நாய்கள் சும்மா இருக்குமா? ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பும்.

நம் பாதையை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பாளையம்பட்டியைத் தாண்டியதும் மீட்டர்கேஜ் காலத்து ரயில் மேடு. அகலப் பாதை போட்டபோது வளைவை நிமிர்த்திக்கொண்டு தண்டவாளம் தள்ளிப் போய்விட்டது. பழைய மேடு மட்டும் காட்டுக்குள் அநாதையாகக் கிடக்கிறது. இரும்பைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் ஜல்லியை விட்டுவிட்டார்கள். நம் உட்காரும் இடத்துக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் சுவர் வைத்ததுபோல நிற்கும். அதற்குள்ளேயே திருச்சுழிப் பக்கம் போய், தெற்கே திரும்பிப் பரளச்சி. அங்கே டீயும் வடையும். மிதித்துக் குறைத்ததையெல்லாம் அந்தக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்வோம். பிறகு ஒதுங்க ஒரு மரமில்லாத தார் ரோட்டில் மேற்கே பார்த்து வீடு.

ஆடியில் அந்த ரோடுதான் உயிரை வாங்கும். மேல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்போம். ஒவ்வொரு ஆடியிலும் அங்கேதான் நம் சண்டை. நீதான் ஆரம்பிப்பாய்.

"புத்தியிருக்கா ஒனக்கு? மொதல்ல இந்த ரோட்டுல போனா காத்து முதுகுல தள்ளும். வரும்போது கருவேலங்காடு காத்த மறைக்கும். மாத்திச் சுத்துவோம்லே."

"இடப்பக்கமா நான் சுத்த மாட்டேன். கோயிலச் சுத்துனாலும் வலம், ஊரச் சுத்துனாலும் வலம். கொள்ளிக்குடம் தூக்குறவன்தான் இடமாச் சுத்துவான்."

"நடுவுல என்ன கோயிலா இருக்கு? நாலு கம்மங்காடும் ஒரு கண்மாயும் கெடக்கு."

"கண்மாய்க்கரையில அய்யனாரு இருக்காரு."

"அவரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட்டு கட்டுறவனே நாந்தான். எங்க சர்ச்சுக்கும் அவருக்கும் ஒரே ஆம்ப்ளிபயரு. என்ன அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நீ சிரித்தபடி ஜெயித்துவிடுவாய். நான் முறைத்தபடி வலப்பக்கமே போவேன். நீயும் புலம்பிக்கொண்டே பின்னால் வருவாய்.

போன ஆடியில் மட்டும் நீ சிரிக்காமல் கேட்டாய். மேட்டில் ஏறப்போன என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு தடவ எனக்காக வாலே" என்றாய். மனசுக்குள் அய்யனாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திருப்பினேன்.

என்ன ஒரு போக்கு அது! காற்று முதுகில் கை வைத்து ஏந்திக்கொண்டது. நீ காலை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, "பாருலே, மிதிக்காமயே போறேன்" என்று கத்தினாய். சட்டை பலூன் மாதிரி உப்பியிருந்தது. இத்தனை வருசமாக ஒரு வறட்டுப் பிடிவாதத்தில் இதை விட்டோமே என்று எனக்கே தோன்றியது. வீட்டுக்குத் திரும்புகையில் ரயில் மேட்டில், ஓடைப் பாலத்துக் கட்டையில் நீ உட்கார்ந்துவிட்டாய். "சத்தங் காட்டாத, கவுதாரி ஒண்ணு உள்ள போச்சு, வரட்டும் பாப்போம்" என்றாய். நானும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு புதரையே பார்த்தேன். கவுதாரி வரவேயில்லை. நீ எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

ஆடி முடியவில்லை, நீ போய்விட்டாய். தூக்கத்திலேயே என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். என் கையிலிருந்த மண் விழமாட்டேன் என்றது. பாதிரியார்தான் என் விரலைப் பிரித்துவிட்டார். இடமாகச் சுற்றினேனே, இடமாகச் சுற்றினேனே என்று எனக்குள் ஒரே ஓட்டம். அதற்குப் பிறகு உன் தெருவுக்கே நான் போகவில்லை. உன் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கடைசியில் அவர்களே கடைக்கு வந்தார்கள்.

"என்னண்ணே, எங்க வீட்டுக்கு வழி மறந்துபோச்சா?"

உர மூட்டைகளுக்கு நடுவில் நின்று, அந்தக் காலத்துப் பையன் வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் கொட்டினேன். வலம், இடம், அய்யனார், கொள்ளிக்குடம் எல்லாவற்றையும்.

"அய்யோ அண்ணே, இதயா சொமந்துக்கிட்டு இருந்தீக? இருதயம் பாதிதான் வேல செய்யுதுன்னு டாக்டரு அதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. சைக்கிளத் தொடக் கூடாதுன்னாரு. இவுக கேட்டாத்தான? 'எதுத்த காத்துல என்னால மிதிக்க முடியாது. அவங்கிட்டச் சொன்னா சைக்கிளயே நிறுத்திப்புடுவான். மறுபக்கமா இழுத்துட்டுப் போயிருதேன்'னு சொல்லிட்டுத்தான் அன்னைக்குக் கெளம்புனாக."

அவர்கள் போன பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். சாமி குத்தம் என்று நினைத்தவரைக்கும் அய்யனாரோடு சண்டையாவது போட முடிந்தது. உன்னோடு எப்படிப் போடுவேன்? நீ சிரிக்காமல் கேட்டதையும் பார்த்தேன், பாலத்தில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். என் மூளைக்குத் தெரிந்ததெல்லாம் இல்லாத ஒரு கவுதாரி. நீயும் என்னை அப்படி ஏமாற்றியிருக்க வேண்டாம்லே. சொல்லியிருந்தால் சைக்கிளை நிறுத்தியிருப்பேன், நிஜம். பரளச்சிக்கு பஸ்ஸில் போய் வடை தின்றிருப்போம். இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.

இப்போதும் சைக்கிளை எடுக்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அதன்படி சுற்றுகிறேன். அய்யனாருக்குக் கோபம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் வேறொரு கோளாறு என்னிடம் ஒட்டிக்கொண்டது. போன வாரம் மகன் போனில், "இந்தத் தடவ பஸ்ஸு வேணாம்பா, ட்ரெயின்ல வாரேன்" என்றான். "ஏன்டா, நெஞ்சு எதுவும் அடைக்குதா?" என்று கத்திவிட்டேன். "டிக்கெட்டு கெடச்சுச்சுப்பா, அம்புட்டுத்தான்" என்றான். நேற்று கடையில், எப்போதும் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளாமைச் சம்சாரி ஒருவர் ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூஞ்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேலுக்கு எதுவும் முடியலையா? எங்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க."

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்ல. புதுச்சட்ட போட்டுருக்கேன், அழுக்காயிரும்."

கடைக்காரருக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். கழன்றால் கழன்றுவிட்டுப் போகட்டும். உன்னிடம் கேட்காமல் விட்டதை ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறேன். எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறார்கள்லே.