தேயிலைத் தோட்டத்துக்கே டீ விற்கப் போன கிட்டுசாமி

ஜூலை 6, ஞாயிறு

மழை இல்லை. மேகம்தான். ஜன்னலைச் சாத்துவதற்குள் பாதி மேகம் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது. காபி கேட்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

இப்போது எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இந்தக் குன்னூர் மலைமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த டைரிக்கு வாசகர்கள் நானும் சில ராமபாணப் பூச்சிகளும் மட்டுமே. அவை படிப்பதில்லை, தின்கின்றன.

விஷயம் இதுதான்: கிட்டுசாமி பேசினான்.

கி.சா. என்னோடு ஒரே ஃபேக்டரி, ஒரே செக்‌ஷன், எதிரெதிர் மேஜை. முப்பது வருஷம். ரிட்டையர் ஆனதும் ஒன்றாகத்தான். அத்தனை வருஷத்தில் அவன் பேசியதையெல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினாலும் கையெழுத்துப் போட இடம் மிச்சமிருக்கும். அப்படிப்பட்டவன் இன்று காலை கோட்டும் டையுமாக வாசலில். ஊரே ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாகத் திரிகிறது, இவன் மட்டும் மெரூன் கலர் கோட்டு. கோட்டின் தோள்கள் உள்ளே வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் வந்தான்.

"குட் மார்னிங், சக்சஸ் குடும்பமே!"

குடும்பம் என்று பார்த்தால் நான், மகாராணியார் (என் மனைவி), மிக்ஸியில் பாதி அரைத்த சட்னி.

மூலிகை டீயாம். குடித்தால் சர்க்கரை, முட்டிவலி, தொப்பை மூன்றும் கைகோத்துக்கொண்டு மலையிறங்கிவிடுமாம். நாமும் வாங்கி விற்கலாம். நமக்குக் கீழே ஆள் சேர்க்கலாம், அந்த ஆளுக்குக் கீழே இன்னொரு ஆள். இப்படியே ஒருவர் தோளில் ஒருவர் ஏறினால் உச்சியில் கி.சா. டைமண்ட் ஆகிவிடுவான். இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ஃபேஸ்புக்கில் பழக்கமான கோயமுத்தூர்க்காரப் பையன் ஒருவன். கி.சா. அவனை 'சார்' என்கிறான்.

என் சமையலறை ஜன்னலில் கையை நீட்டினால் தேயிலைச் செடி. இந்த ஊரில் மழைத்தண்ணீரே லேசாகச் சாயம் இறங்கித்தான் விழும். இங்கே வந்து டீ விற்கிறான்!

ஒரு பாக்கெட் வாங்கினேன். குடித்தேன். வைக்கோல். பக்கத்தில் மாடு இருந்திருந்தால் அபிப்பிராயம் கேட்டிருப்பேன்.

நாளை: கேஸ் புக் பண்ண. குடைக் கம்பி. முட்டிக்குத் தைலம் (பழைய தைலமே).

ஜூலை 8, செவ்வாய்

வெயில் மாதிரி ஒன்று வந்து போனது.

கி.சா. ஃபேஸ்புக்கில் 'லைவ்'. ஒளிப்பதிவு: அடியேன். இடம்: பூங்கா வாசல். யாரோ டூரிஸ்ட்டின் பெரிய வெள்ளைக் கார். அதன் பானெட்டில் கை வைத்து நின்றான் கி.சா. கனவு கண்டால்தான் கார் வரும், கார் எப்படி இருக்க வேண்டும் என்று மனசுக்குக் காட்டித்தர வேண்டும் என்பது 'சார்' சொல்லிக்கொடுத்த பாடம்.

"நண்பர்களே, நானும் உங்கள மாதிரி சாதாரண ஆளுதானுங்க..."

பின்னாலிருந்து குரல். "ஏனுங்ணா, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா? வண்டி எடுக்கோணும்."

"எடுங்க எடுங்க," என்று நகர்ந்து, கனவு ரிவர்ஸ் எடுப்பதற்குக் கையும் காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நான் சிரித்த சிரிப்பில் போன் ஆடி, பார்த்தவர்கள் பூகம்பம் என்று ஓடியிருப்பார்கள். பார்த்தது மொத்தம் இரண்டு பேர். ஒருவர் 'சார்'. கைதட்டுகிற படங்களாக அனுப்பித் தள்ளிவிட்டார்.

கி.சா. அந்தக் கைதட்டல் படங்களை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றான். குளிரில் மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாமல். அப்படி ஒரு முகம் அவனுக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

சிரித்திருக்க வேண்டாம்.

ஜூலை 9, புதன்

பிக்கட்டி. பஸ்ஸில் என் மடியில் யாருடைய பூண்டு மூட்டையோ.

போஜன் வீட்டுக்குப் போனோம். அவரும் எங்கள் செக்‌ஷன். நீலகிரிப் படகர் இனம். இப்போது சொந்தத் தேயிலைத் தோட்டமும் கேரட்டுமாக இருக்கிறார். அவர்கள் வீட்டில் வந்தவர் முதலில் சாப்பிட வேண்டும், பேச்சு அப்புறம்தான். அவரைக்காய் போட்ட குழம்பு, சோறு, மறுபடி சோறு. கி.சா. கோட்டுப் பொத்தானை ஒன்றொன்றாகக் கழற்றிச் சாப்பிட்டான். பிறகு எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்று, தேயிலை விளைவிக்கிற மனிதரிடம் டீயின் மகிமையைச் சொல்லத் தொடங்கினான். வாசலுக்கு வெளியே அவருடைய செடிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. சில செடிகள் மயங்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

போஜன் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டார். ஒரு பை நிறைய கேரட் கொடுத்தார்.

கி.சா. செருப்பு மாட்டும்போது போஜன் என்னைத் தனியே ஓரம் கட்டினார்.

"சாப்பிட்டு எந்திரிச்ச மனுசன் கேட்டா எங்க ஊட்ல இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. அது அவருக்கும் தெரியும். சும்மா வரட்டும், எத்தன நாள் வேணும்னாலும் தங்கட்டும். இந்தப் பையத் தூக்கிட்டு மட்டும் வேண்டாம். நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. பஸ்ஸில் கி.சா. ஒரே சந்தோஷம். "பாத்தியாடா? ரெண்டு பாக்கெட்டு!"

சாயங்காலம் போன் 'டொங்' என்றது. காலை நடைக்கென்று நாங்கள் ரிட்டையர் ஆனவர்கள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸாப் குழு. 'போஜன் வெளியேறினார்.' கி.சா. தினமும் அதில் டீ விளம்பரம் போடத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொருவராகப் போய், போஜன்தான் பாக்கி இருந்தார். இனி நானும் அவனும் மட்டும்.

அதிலேயே கி.சா. கேட்டிருந்தான்: "நாளைக்கு வாக்கிங் ஆரெல்லாம் வர்றீங்க?"

கட்டைவிரல் படம் போட்டேன். 'எல்லாரும்' நான்தான்.

ஜூலை 10, வியாழன்

சாரல். கரண்ட் இல்லை. கேரட் பொரியல், கேரட் சாம்பார். நாளைக்கு நான் இருட்டில் கோயமுத்தூர் வரை பார்ப்பேன்.

கவிதா போன் செய்தாள். கி.சா.வின் ஒரே மகள். காரமடையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அம்மா இல்லாத பெண், எது என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"பெரியப்பா, அப்பா ஞாயித்துக்கெழம இங்க வர்றேன்னுட்டாரு. என்ற மாமனாரச் சேத்தறதுக்கு."

"எதுல?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பொண்ணு குடுத்த ஊட்ல வந்து பையத் தொறந்து ஏவாரம் பேசுனா எப்படியிருக்கும்? இப்பவே அத்தை போனைக் காட்டிக் காட்டிச் சிரிக்கறாங்க. 'உங்கப்பா கார் வாங்கிட்டாராட்ட இருக்குது கவிதா, எங்களையெல்லாம் ஏத்துவாரா'ன்னு. நான் ஒவ்வொரு நாளும் இங்கதான பெரியப்பா இருக்கோணும்?"

நேராக அப்பாவிடமே சொல்லலாமே என்றேன்.

"சொன்னேன். 'நீ நெகட்டிவாப் பேசற, நெகட்டிவாப் பேசறவங்ககிட்ட ஒரு வாரம் பேச வேண்டாம்னு சார் சொல்லியிருக்காரு'ன்னு வெச்சுட்டாரு." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அப்பா எங்கிட்டப் பேசி நாலு நாளாச்சு."

தடுத்து நிறுத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யாரிடம் கொடுத்தோம், எதைக் கொடுத்தோம் என்று பயம் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

நடை. பனி. முன்னால் போவது கி.சா.வா, தபால் பெட்டியா என்று தெரியாத பனி.

முதல் முயற்சி: பர்லியார் பக்கம் பெரிய மண்சரிவு, ஒரு மலை இன்னொரு மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பஸ்ஸும் இறங்காது என்றேன். போனை எடுத்துப் பார்த்தான். "ரோடு க்ளியர்."

இரண்டாம் முயற்சி: யானைக்கூட்டம். நடுரோட்டில் வட்டமேசை மாநாடு. அதற்குப் போனைக்கூட எடுக்கவில்லை.

மூன்றாவதாக உண்மையைச் சொன்னேன். "கவிதா போன் பண்ணுனா. நீ அங்க போயிப் பையத் தொறந்தா அவளால அந்த ஊட்ல தலை நிமிர முடியாதுங்கறா. அழுகறாடா."

நின்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"யானைய விட இது பரவால்லடா."

சத்தியம் என்றேன். மகாராணியார் மேல் ஆணை என்றேன். எத்தனை பேர் மேல் எத்தனை ஆணை. ஒன்றும் எடுபடவில்லை.

தேவாலயத் திருப்பத்தில் அவனாகவே சொன்னான். கோபமே இல்லாமல்.

"முப்பது வருசம் நீ பேசுன, நான் கேட்டேன். கேண்டீன்ல, ஷிப்ட்ல, கல்யாணத்துல, கருமாதில. எல்லாரும் உன்றகூட சிரிப்பாங்க. நான் பக்கத்துல டம்ளரப் புடிச்சுட்டு நிப்பேன். போன மாசம் கோயமுத்தூர் மீட்டிங்ல என்னைய மேடைக்குக் கூப்பிட்டாங்கடா. பேரு மட்டுந்தான் சொன்னேன். அத்தன பேரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. இனிமே கொஞ்ச நாளைக்கு நான் பேசறேன். நீ கேளு."

அதற்குமேல் ஆணை எதுவும் இடவில்லை.

"நானும் காரமடைக்கு வர்றேன்," என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

காரமடை. மலை இறங்க இறங்க ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் என்று ஒவ்வொன்றாகக் கழன்றன. இன்னும் இரண்டு வளைவு இருந்திருந்தால் மானம் போயிருக்கும். கி.சா. மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. வேர்வையில் மெரூன் கறுப்பாகிவிட்டது. மடியில் கறுப்புப் பை. என் கையில் வர்க்கி பிஸ்கட் பொட்டலம்.

சம்பந்தி நல்ல மனிதர். வாசல்வரை வந்து கூட்டிப் போனார். சம்பந்தியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"வாங்க சம்பந்தி! போனத் தொறந்தாப் போதும், உங்க முகந்தான். கார எங்க நிறுத்தியிருக்கறீங்க?"

கவிதா காபித் தட்டோடு கதவருகே நின்றுவிட்டாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கி.சா.வுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அழைப்பாகவே எடுத்துக்கொண்டு மலர்ந்தான். தொண்டையைச் செருமினான். பையின் ஜிப் பாதி திறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைப் பேச்சுப்படி நான் கேட்பதாக இருந்தது. அவன் பேசுவதாக இருந்தது. கதவருகே அந்தப் பெண்.

"கார விடுங்கம்மா," என்றேன். "காட்டெருமையவே நிறுத்துன ஆளு இவன்!"

கி.சா. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

நான் கதையை நிறுத்தவில்லை. முதல் ஷிஃப்ட்டுக்கு விடியற்காலையில் நடந்தது, ரோட்டை அடைத்து நின்ற எருமை, அதன் கொம்பில் மாட்டியிருந்த யாரோ ஒருவரின் வேட்டி, நான் பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் ஏறியது, அந்த மரமும் பயந்து என்னோடு இன்னொரு மரத்தில் ஏறியது. கி.சா. மட்டும் அசையவில்லை. எருமையின் நெற்றியில் ஒற்றை விரலை வைத்து, "டூட்டிக்கு நேரமாச்சு, நகருங்க," என்றான். எருமை வெட்கப்பட்டு இறங்கிப் போனது. வழக்கமாக என் கதைகளில் நாயகன் நான்தான். இன்றைக்கு மரத்திலேயே இருந்துகொண்டேன்.

சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்து நின்றுகொண்டார். சம்பந்தியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெசமுங்களா சம்பந்தி? ஒத்த ஆளா ஒரு எருமைய?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். என்னையல்ல. அவனைத்தான்.

கி.சா. பார்வை கதவுப் பக்கம் போனது. அங்கே கவிதா, காலித் தட்டை மார்போடு அணைத்துப் பிடித்தபடி. வெகுநேரம் பார்த்தான். வெள்ளிக்கிழமை நான் சொன்னதை அப்போதுதான் நம்பினான் என்று நினைக்கிறேன்.

"ஒன்னில்லீங்க," என்றான். "ரெண்டு."

வீடு அதிர்ந்தது. மாப்பிள்ளை கைகூடத் தட்டினார். பிறகு கி.சா. மீதியைச் சொன்னான். இரண்டாவது எருமை கர்ப்பமாக இருந்ததாம், அதனால் அதற்கு மட்டும் விரல் வைக்காமல் கும்பிட்டானாம். எனக்கே தோன்றாத எருமை! நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

சாப்பாட்டுக்கு எழும்போது சம்பந்தியம்மாள், "பையில என்னங்க அது?"

"வர்க்கிங்க," என்றான் கி.சா., ஜிப்பை மூடியபடி. என் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

கிளம்பும்போது கவிதா அப்பாவின் கோட்டுக் காலரைச் சரி செய்தாள். "கோட்டு நல்லாத்தான் இருக்குதுங்ப்பா. வேர்க்குதில்ல, கழட்டிக்கோங்க." "ம்," என்றான்.

திரும்பும் பஸ் மேட்டுப்பாளையம் தாண்டியது. பிறகு:

"வேணும்னேதான பண்ணுன?"

"ஆமா."

"மறுபடியும் நீதாண்டா பேசுன."

"ஆமா."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கல்லாறு. முதல் வளைவு. "ரெண்டாவது எருமை எப்படி?" என்று கேட்டேன். அவன் காது அசைந்தது. சிரித்தால் அவனுக்குக் காது அசையும்.

ஜூலை 14, திங்கள்

மேகம் மறுபடி வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் வந்தது.

கி.சா. திருந்திவிட்டான் என்று எழுத ஆசை. எட்டு மணிக்கே ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான், உதயசூரியனும் டீ பாக்கெட்டும். அவன் வீட்டு அலமாரியில் இன்னும் இரண்டு அட்டைப்பெட்டி இருக்கிறது. 'சார்' அடுத்த மீட்டிங்குக்கு அழைத்திருக்கிறார். போவான் என்றுதான் நினைக்கிறேன். கைதட்டல் அங்கேதானே இருக்கிறது.

நடைக்கு வந்தான். வழியில் கவிதா போன். வெகுநேரம் பேசினான். நான் நாலடி முன்னால் போய், தேயிலைச் செடிகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மகாராணியார் கேட்டார். "அந்த எருமைக் கதைல எதாச்சும் நெசமிருக்குதுங்களா?"

இல்லை என்றேன். எருமை பொய். விரல் பொய். வேட்டி, கொம்பு, மரம் எல்லாம் பொய். இரண்டாவது எருமை அவன் பொய்.

முதல் ஷிஃப்ட்டுக்குப் போன ஒரு விடியற்காலை மட்டும் உண்டு. பனிக்குள் ரோட்டில் கறுப்பாக என்னவோ நின்றது. பாறையா, எருமையா, இன்றுவரை தெரியாது. எனக்குக் கால் வரவில்லை. வாயும் வரவில்லை. கி.சா. ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தான். ஃபேக்டரி கேட் வரை விடவில்லை. அவ்வளவுதான் நிஜம்.